எம்டனுக்குப் பின்னால் வந்த கப்பல்

தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் பெஞ்சு காலியாவதே இல்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஒரு பக்கம், காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் டிரைவர்கள் இன்னொரு பக்கம். அந்த டிரைவர்களில் ஒரு தம்பி, கையில் டீ கிளாஸோடு என்னிடம் கேட்டார்: "சார், சண்டை வந்தா கம்பெனிக்காரன் கப்பலைக்கூட கவர்மெண்ட் எடுத்துக்கும்னு சொல்றாங்களே, நிஜமா? சரக்குக் கப்பலை வச்சு என்ன சார் சண்டை போட முடியும்? அதுல பீரங்கியே கிடையாதே."

நல்ல கேள்வி. அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எடுக்க முடியுமா என்பது ஒன்று, எடுத்து என்ன செய்வார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம்.

தேர்தல் நேரத்தில் கலெக்டர் ஆபீசிலிருந்து ஆள் வந்து வேனையும் பஸ்ஸையும் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டு போவது டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாக்குப் பெட்டி கொண்டு போக, போலீஸ்காரர்களை ஏற்றிப் போக வண்டி வேண்டும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 160ஆவது பிரிவில் அதற்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவில் வண்டி மட்டும் இல்லை, படகும் கப்பலும் இருக்கின்றன, விலங்குகூட இருக்கிறது. அடுத்த பிரிவு, வண்டிக்காரருக்கு எந்தக் கணக்கில் வாடகை தர வேண்டும் என்று சொல்கிறது. போர்க்காலத்தில் கப்பலை எடுப்பதும் இதே முறைதான். உரிமை கம்பெனியிடமே இருக்கும். கப்பல் எங்கே போக வேண்டும், எதை ஏற்ற வேண்டும் என்பதை மட்டும் அரசு சொல்லும். 1914 ஆகஸ்ட் 3ஆம் தேதி பிரிட்டிஷ் மன்னரின் பிரகடனம் ஒன்று கடற்படை அமைச்சகத்துக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. மறுநாள் பிரிட்டன் போரில் இறங்கியது. அதாவது, போரை அறிவிக்கும் முன்பே கப்பலை எடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

"சரி சார், எடுத்து என்ன பண்ணாங்க?"

இதற்குத்தான் இன்னொரு டீ வேண்டும். சென்னைக்காரர்களுக்கு எம்டன் கதை தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது. ஏறக்குறைய 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பல்மீதும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் செத்துப்போனார்கள். உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது, இன்றும் போய்ப் பார்க்கலாம். இதெல்லாம் நம் பாட்டன் காலத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. அன்று அந்தப் போர்க்கப்பலுக்காக வெளிக்கடலில் காத்திருந்த இன்னொரு கப்பலைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதன் பெயர் மார்க்கோமன்னியா. அது ஒரு சரக்குக் கப்பல். அது இல்லாவிட்டால் எம்டன் சென்னைக்கு வந்திருக்கவே முடியாது.

ஏன் என்று புரிய, எம்டனின் அடுப்பைப் பார்க்க வேண்டும்.

எம்டன் பெரிய கப்பல் இல்லை. நீளம் 118 மீட்டர், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, ஆட்கள் 360 பேர் சுமார். டீசல் கிடையாது, எல்லாம் நிலக்கரிதான். அதன் கரி அறைகளில் 860 டன் பிடிக்கும். அந்தக் கரியை வைத்து 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில், 3,760 கடல் மைல் போகலாம். 3,760ஐ 12ஆல் வகுத்தால் 313 மணி நேரம். பதிமூன்று நாள். 860 டன்னைப் பதிமூன்று நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 66 டன். சும்மா மெல்லப் போவதற்கே அவ்வளவு. எதிரியைக் கண்டு 23 நாட் வேகத்தில் ஓட வேண்டும் என்றால் கரி பல மடங்கு எரியும். கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க எஞ்சின் பலத்தை ஏழெட்டு மடங்கு கூட்ட வேண்டும். கடல் தண்ணீர் அப்படித்தான் எதிர்த்துத் தள்ளும்.

ஆக, பதிமூன்று நாளுக்கு ஒரு முறை கரி வேண்டும். கரியே இல்லாமல் நின்றால் ஓட வழியில்லை என்பதால், எந்தக் கேப்டனும் பதிமூன்றாம் நாள் வரை காத்திருக்க மாட்டான். கரி எங்கே கிடைக்கும்? இந்தியப் பெருங்கடலைச் சுற்றிப் பாருங்கள்: கொழும்பு, சென்னை, கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். எல்லாம் பிரிட்டிஷ்காரன் கையில். சுமத்ரா, ஜாவா பக்கம் டச்சுக்காரர்கள், அவர்கள் நடுநிலை. 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைப்படி போர்க்கப்பல் ஒன்று நடுநிலை நாட்டின் துறைமுகத்தில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. ஒரு முறை கரி ஏற்றினால் அதே நாட்டில் மூன்று மாதத்துக்கு மறுபடி ஏற்றக் கூடாது. டச்சுக்காரர்கள் இதைக் கறாராகப் பார்த்தார்கள். எம்டனுக்காக ஒரு தீவருகே காத்திருந்த ஆஃபன்பாக் என்ற கரிக்கப்பலை டச்சுப் போர்க்கப்பல் டிராம்ப் முன்கூட்டியே விரட்டிவிட்டது. எம்டன் அங்கே வந்து பார்த்தபோது கரி இல்லை, டிராம்ப்தான் நின்றது.

அதனால் எம்டனுக்குத் தன் கரியைத் தன் கூடவே கூட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி இல்லை.

மார்க்கோமன்னியா ஹாம்பர்க் – அமெரிக்கா லைன் கம்பெனியின் கப்பல். ஹபாக் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல் கம்பெனி அதுதான். இந்தக் கப்பல் நாலரை ஆயிரம் டன் சுமார், அந்தக் காலத்துக்கு நடுத்தரமான சரக்குக் கப்பல். போர் மூளும் நேரத்தில் சீனக் கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்டாவோ துறைமுகப் பக்கம் இருந்தது. ஜெர்மன் கடற்படை இப்படி ஒரு நாள் வரும் என்று பல வருஷமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தது. உலகம் முழுக்கத் துறைமுகங்களில் ஆள் வைத்து, போர் என்று தந்தி வந்தவுடன் யார் எந்தக் கப்பலை எடுப்பது, எங்கே கரி வாங்குவது, எந்தத் தீவின் மறைவில் போர்க்கப்பலைச் சந்திப்பது என்று எல்லாம் முன்பே பேசி வைத்தாயிற்று. தந்தி வந்தது. ஹபாக் கம்பெனியின் சரக்குக் கப்பல், கடற்படையின் கரிக்கப்பல் ஆனது. மேலே பீரங்கி ஏற்றவில்லை.

சிலவற்றில் பீரங்கியும் ஏற்றினார்கள். ரியாசன் என்று ரஷ்யாவின் கப்பல் ஒன்று. போர் தொடங்கியதும் எம்டன் பிடித்த முதல் கப்பல் அதுதான், ஆகஸ்ட் 4ஆம் தேதி. அதைச் சிங்டாவோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே கிடந்த கார்மொரான் என்ற பழைய ஜெர்மன் போர்க்கப்பலின் பீரங்கிகளைக் கழற்றி இதில் மாட்டி, பெயரையும் இதற்கே வைத்தார்கள். கரி தீர்ந்துபோய் டிசம்பரில் அமெரிக்காவின் குவாம் தீவில் போய் நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே முடங்கிக் கிடந்தது. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும், கப்பலை அவர்களிடம் ஒப்படைக்காமல் ஜெர்மானியர்களே தகர்த்து மூழ்கடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கடற்படை எடுத்துக்கொண்ட தொக்காய் மாரு என்ற கம்பெனிக் கப்பல் ஒன்றும் அதே துறைமுகத்தில் மூழ்கியது. இரண்டும் கடலடியில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. முங்கிப் பார்க்கிறவர்கள் ஒரே நேரத்தில் இரண்டையும் தொடலாம். ஒரு போரில் எடுத்த கப்பலும் அடுத்த போரில் எடுத்த கப்பலும்.

பீரங்கி பொருத்திய கப்பலுக்குத் தனிச் சட்டம் உண்டு. கம்பெனிக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றினால் கேப்டன் கடற்படை அதிகாரியாக இருக்க வேண்டும், ஆட்கள் ராணுவக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், கொடி வெளியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது கடற்கொள்ளைக் கப்பல் போலத்தான். மார்க்கோமன்னியா அந்த வகை இல்லை. அது எடுபிடி வேலைக்கு எடுத்த கப்பல்.

1914 ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கில் பாகன் என்ற தீவில் ஜெர்மன் கடற்படைத் தளபதி ஸ்பீ தன் கப்பல்களையெல்லாம் கூட்டினார். எல்லோரும் தென் அமெரிக்கா பக்கம் போகலாம் என்றார். எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், நான் மட்டும் இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறேன் என்று கேட்டார். தளபதி சம்மதித்து, கூடவே மார்க்கோமன்னியாவையும் கொடுத்தார். அந்த முடிவில்தான் எனக்கு முல்லர்மேல் மதிப்பு வருகிறது. வீரம் எல்லாம் பிறகு. ஒரு போர்க்கப்பலுக்கு ஒரு கரிக்கப்பல் என்ற கணக்கோடுதான் அவர் புறப்பட்டார்.

இந்தக் கரி ஏற்றுகிற வேலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணூரில் இன்று கப்பலிலிருந்து கரியைக் கிரேன் வாரி பெல்ட்டில் போடுகிறது, பெல்ட் நேரே அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள். இடையில் கயிற்று மூட்டைகளைத் தொங்கவிடுவார்கள், இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க. சரக்குக் கப்பலின் அடித்தளத்தில் ஆட்கள் இறங்கிச் சவலால் கரியை அள்ளிச் சாக்கில் போடுவார்கள். வின்ச் அந்தச் சாக்குகளை மேலே தூக்கும். எம்டனின் தளத்தில் கொட்டி, அங்கிருந்து குழிகள் வழியே கரி அறைக்குள் தள்ளுவார்கள். உள்ளே இருட்டில் இன்னொரு கூட்டம், விழும் கரியை மூலை முடுக்கெல்லாம் வாரிப் பரப்பும். வெப்ப மண்டலத்துச் சூரியன், இரும்புச் சுவர், மூச்சு முட்டும் கரித்தூள். கரி அறை நிறைந்தாலும் விடமாட்டார்கள், தளத்தின்மேலும் குவித்து வைப்பார்கள், அடுத்த முறை எப்போது கிடைக்குமோ என்று. அலை கொஞ்சம் எழும்பினாலும் இரண்டு கப்பலும் ஒன்றோடொன்று இடிக்கும், கம்பி வளையும். அதனால் அலை அடங்கிய ஒதுக்குப்புறமான தீவு வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில் சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவின் ஒரு குடாவில் அப்படித்தான் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டச்சு அதிகாரி படகில் வந்து, நேரம் முடிந்தது, கிளம்புங்கள் என்றார். கிளம்பினார்கள். அதற்குச் சற்று முன்புதான் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹாம்ப்ஷயர் அதே தீவைத் தேடிவிட்டுப் போயிருந்தது.

வங்காள விரிகுடாவில் நுழைந்த எம்டனுக்கு முதலில் சிக்கியது பொந்தோபோரஸ் என்ற கிரேக்கக் கப்பல். அதில் இருந்ததும் கரிதான். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் போகிற வங்காளக் கரி, ஆறரை ஆயிரம் டன். அதைக் கூடவே அழைத்துக்கொண்டார்கள், ஆனால் மகிழ்ச்சியோடு இல்லை. நம் ஊர்க் கரியில் சாம்பல் அதிகம், புகை அதிகம். அடுப்பில் கட்டியாகிவிடும், சூடு குறையும். மறைந்து திரிகிற கப்பலுக்குப் புகை எமன், பல மைல் தூரத்துக்கு அப்பாலும் எதிரி பார்த்துவிடுவான். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் கரி என்றால் உலகத்துக் கடற்படைகள் எல்லாம் உயிரை விட்டது இதனால்தான்: புகை குறைவு, சூடு அதிகம்.

அடுத்த நாள், செப்டம்பர் 10, சிக்கிய கப்பல் இண்டஸ். இது தம்பியின் கேள்விக்கு நேர் உதாரணம், ஏனென்றால் இதுவும் அரசு எடுத்துக்கொண்ட சரக்குக் கப்பல்தான், ஆனால் எதிர்ப்பக்கத்து அரசு. நூர்ஸ் கம்பெனியின் கப்பல் அது. நூர்ஸ் என்றால் ஃபிஜி, டிரினிடாட், கயானா கரும்புத் தோட்டங்களுக்கு நம் நாட்டு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போன கம்பெனி. கப்பல்களுக்கெல்லாம் நதிகளின் பெயர் வைத்தார்கள், அதில் ஏறிப் போனவர்களில் பலர் தங்கள் ஊர் நதியைத் திரும்பப் பார்க்கவே இல்லை. அந்தக் கம்பெனியின் இண்டஸை 1914இல் இந்திய அரசு படைகளைக் கொண்டு போக எடுத்துக்கொண்டது. குதிரைகளுக்குத் தளத்தில் லாயம் அடித்து, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு அனுப்பியது. வழியில் எம்டன். கப்பலில் இருந்தவர்களை மார்க்கோமன்னியாவில் ஏற்றிவிட்டு இண்டஸை மூழ்கடித்தார்கள். அதில் சோப்புப் பெட்டி பெட்டியாக இருந்தது. எம்டனில் சோப்பு தீர்ந்து ஆட்கள் கரி அப்பிய உடம்போடு திரிந்துகொண்டிருந்தார்கள். அன்று கிடைத்ததிலேயே அவர்களுக்குப் பெரிய செல்வம் அந்தச் சோப்புதான்.

பாருங்கள், இங்கே மார்க்கோமன்னியாவுக்கு இன்னொரு வேலை வந்துவிட்டது. கரி சுமக்க வந்த கப்பல் கைதிகளையும் சுமக்கிறது. எம்டனில் இடம் இல்லை. மூழ்கிய கப்பல்களின் மாலுமிகளை எங்கே வைப்பது? வேறு ஒரு கப்பல் பிடிபட்டு, அதன் சரக்கு நடுநிலை நாட்டுக்காரனுடையது என்று தெரிந்தால் அதை மூழ்கடிக்காமல், கைதிகளை எல்லாம் அதில் ஏற்றி விடுதலை செய்வார்கள். கபிங்கா என்ற கப்பல் அப்படித் தப்பியது. லொவாட், கில்லின், டிப்ளமாட், டிராபோக், கிளான் மாத்தீசன் தப்பவில்லை, நான்கே நாளில். டிப்ளமாட்டில் இருந்தது தேயிலை, கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குப் போகிற தேயிலை. கில்லினில் கரி, அதையும் மூழ்கடித்தார்கள். கூடவே கூட்டிக்கொண்டு போக இன்னும் ஒரு கரிக்கப்பல் முல்லருக்குத் தேவைப்படவில்லை. பொந்தோபோரஸையும் சுமத்ரா பக்கம் காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு சென்னை. அன்று மாலை மார்க்கோமன்னியாவை வெளிக்கடலில் ஒரு இடம் சொல்லிப் பிரித்து அனுப்பிவிட்டு எம்டன் மட்டும் கரைக்கு வந்தது. துறைமுகம் விளக்குகளோடு இருந்தது, உயர் நீதிமன்றக் கோபுரத்தில் இருந்த கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. போகும்போது எம்டன் தன் இடதுபக்க விளக்குகளைக் கரைக்குத் தெரிய எரியவிட்டு வடக்கு நோக்கி, இந்தப் பழவேற்காட்டுப் பக்கம் போவதாகக் காட்டியது. கொஞ்ச தூரம் போனதும் விளக்கை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பியது. அங்கே அதற்குக் கரிக்கப்பல் காத்திருக்கிறது. நகரத்து மக்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். கப்பல் போக்குவரத்து நின்றது, இன்சூரன்ஸ் ஏறியது. இத்தனைக்கும் காரணம் எம்டன் என்றுதான் ஊர் சொன்னது. இந்தப் புகழில் ஒரு பங்கு அந்தக் கரிமூட்டைகளுக்கும் உண்டு என்று நான் அடித்துச் சொல்வேன்.

இலங்கையைச் சுற்றிக்கொண்டு போன எம்டனுக்குச் செப்டம்பர் 27ஆம் தேதி கிடைத்ததுதான் பெரிய பரிசு. பியூரெஸ்க் என்ற கப்பல். பிரிட்டிஷ் கடற்படை தன் வேலைக்கு வைத்துக்கொண்ட கரிக்கப்பல் அது. அதில் 6,600 டன் கார்டிஃப் கரி, முதல் தரம். ஒரு கடற்படைக்காகப் புறப்பட்ட கரி, அதன் எதிரியின் அடுப்பில் போய்ச் சேர்ந்தது. ஒரே கப்பல் ஒரே பயணத்தில் இரண்டு கடற்படைகளுக்கும் ஊழியம் செய்தது. பியூரெஸ்க் கிடைத்த நேரத்தில் மார்க்கோமன்னியாவின் கரி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டிருந்தது. மாலத்தீவுப் பக்கம் மிச்சக் கரியையும் எம்டனுக்குக் கொடுத்துவிட்டு, பொந்தோபோரஸைத் தேடி அதன் கரியை எடுத்துக்கொள்ளச் சுமத்ராவுக்குப் போனது. ஏறக்குறைய ஏழு வாரமாகக் கூடவே வந்த கப்பல் அன்று பிரிந்தது.

அக்டோபர் 12. சுமத்ரா அருகே இரண்டு கப்பல்களும் சேர்ந்து நின்றபோது பிரிட்டிஷ் போர்க்கப்பல் யார்மவுத் வந்து சேர்ந்தது. மார்க்கோமன்னியா மூழ்கியது, பொந்தோபோரஸ் மீட்கப்பட்டது. இதில் ஒன்று கவனியுங்கள். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். பிரிட்டிஷ் கப்பல் என்று நம்ப வைக்க மரமும் துணியும் வைத்து நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொய்யாகக் கட்டி இருந்தார்கள். அந்த வேஷம் யார்மவுத்தைப் பார்த்துப் போட்ட வேஷம். எம்டன் வேஷம் போட்ட கப்பலே வந்து அதன் கரிக்கப்பலை முடித்தது.

எம்டன் அதன்பிறகு நான்கு வாரம்தான். அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. சண்டை முடிந்ததும் சிட்னி பார்த்தது, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல். பியூரெஸ்க்தான், கரி கொடுக்க வந்திருந்தது. துரத்திப் பிடித்தபோது ஜெர்மானியர்கள் அடித்தள வால்வைத் திறந்து உடைத்துவிட்டார்கள், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. அதில் இருந்தவர்களைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு, பியூரெஸ்க் மேல் நான்கு குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார் சிட்னியின் கேப்டன் கிளாஸப். அவர் எழுதிய அறிக்கையில் கணக்கு இருக்கிறது: ஜெர்மன் அதிகாரிகள் மூன்று பேர், வாரண்ட் அதிகாரி ஒருவர், வீரர்கள் 12 பேர். கூடவே சீன மாலுமிகள் 18 பேர், இங்கிலாந்துக்காரப் பணியாள் ஒருவர், நார்வே சமையல்காரர் ஒருவர்.

இந்த 18 பேரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பலில் கூலிக்குச் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் கடற்படை கப்பலை எடுத்தது, அவர்களைக் கேட்கவில்லை. ஜெர்மானியன் பிடித்தான், அவர்கள் அதே அடுப்பில் அதே கரியை அள்ளிப் போட்டார்கள். ஆஸ்திரேலியன் வந்து குண்டு போட்டான். கொடி மாறியது, சவல் மாறவில்லை.

டீ குடித்துக்கொண்டிருந்த தம்பி இதற்கு மறுகேள்வி கேட்டார்: "கப்பல் மூழ்கினா கம்பெனிக்கு யார் சார் பணம் தருவா?"

பிரிட்டனில் அதற்கு ஏற்பாடு இருந்தது. வாடகைக்குக் கட்டண விகிதம் நிர்ணயித்தார்கள், தகராறு வந்தால் தீர்க்க நடுவர் மன்றம் வைத்தார்கள், கப்பல் போனால் விலை கொடுத்தார்கள். அரசு விகிதம் சந்தை வாடகையைவிடக் குறைவு என்று கப்பல்காரர்கள் முணுமுணுத்தார்கள். எடுக்காமல் விட்ட கப்பல்களோ கடலில் பஞ்சம் பார்த்து வாடகையை ஏற்றிக் கொள்ளை லாபம் அடித்தன. ஜெர்மனியில் நடந்தது வேறு. தோற்ற நாடு. வெர்சாய் உடன்படிக்கைப்படி 1,600 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அத்தனையையும் ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியிருந்தது. மார்க்கோமன்னியாவின் சொந்தக்காரக் கம்பெனி, உலகத்தில் முதலிடத்தில் இருந்தது, வெறும் பெயர்ப்பலகையோடு நின்றது. அதைக் கட்டி வளர்த்த ஆல்பர்ட் பாலின் அந்த நாளைப் பார்க்கவில்லை. 1918 நவம்பர் 9ஆம் தேதி, ஜெர்மன் முடியாட்சி விழுந்த அன்று, அவர் இறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் நம் பக்கத்துக் கப்பல்களே நிறையப் போயின. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிப் போன ரஜுலா, படை ஏற்றும் கப்பலானது, தப்பி வந்து பின்னும் முப்பது வருஷத்துக்குப் பக்கம் ஓடியது. அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் சக்தினா, சக்லா, சந்தாலா மூன்றிலும் பீரங்கி ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். 1941இல் மூன்றும் வட ஆப்பிரிக்கக் கரையில் தோப்ருக் துறைமுகத்துக்குப் பக்கம் மூழ்கின. சக்தினா மூழ்கிய டிசம்பர் 5 அன்று அதில் காயம்பட்ட சிப்பாய்களும் போர்க்கைதிகளும் இருந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கைதிகளில் ஒருவரான ஜெர்மன் ஜெனரல் ராவன்ஸ்டைன் கடலிலிருந்து மீட்கப்பட்டார். அவர் பெயரைப் புத்தகங்கள் மறக்காமல் சொல்கின்றன.

"ஆளுங்களுக்கு சார்? எங்களை மாதிரி ஓட்டுறவங்களுக்கு?"

இதைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். பிரிட்டிஷ் மாலுமிக்கே, கப்பல் மூழ்கினால் தொடர்ந்து வேலையும் சம்பளமும் உண்டு என்ற உறுதி 1941 மே வரை இல்லை.  லாஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகளுக்கு அந்தச் சம்பளத்திலும் சிறு பங்குதான். தளத்தில் மேஸ்திரிகளான சாரங்கும் டிண்டலும், கீழே அடுப்படியில் பெரும்பாலும் சில்ஹெட் பக்கத்து ஆட்களும். டார்பிடோ தாக்கினால் முதலில் தண்ணீர் ஏறுவது அந்த அடுப்படியில்தான், ஏணி ஏறி மேலே வர நேரம் கிடைக்காது. மும்பை மஸ்ஜித் பந்தரில் இந்திய மாலுமிகள் இல்லத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மும்பை போகிறவர்கள் கேட்வே பார்க்கிறார்கள், அங்கே போவதில்லை. போக வேண்டும்.

1939இல் போர் தொடங்கியதும் லாஸ்கர்கள் வேலையை நிறுத்தினார்கள். லண்டனில், கிளாஸ்கோவில், தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களில் கப்பல் கப்பலாக. கல்கத்தாவில் ஆஃப்தாப் அலி தலைமையில் அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஆனால் அந்தத் துறைமுகங்களில் சங்கம் சொல்லும் முன்பே ஆட்கள் தாங்களாகவே இறங்கிவிட்டார்கள். கேட்டது இரட்டிப்புச் சம்பளம், குளிருக்குத் துணி, போர்க்கால ஆபத்துக்குத் தனிப்படி. ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் போட்டார்கள். ஆனால் சரக்கு கிடந்தது, கப்பல் கிளம்பவில்லை. சம்பளத்தை ஏற்றினார்கள், போர் நீள நீள இன்னும் பல முறை ஏற்றினார்கள்.